தொட்டி மீனுக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறி பார்த்து வழி தேடுங்கள்

மீன் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, அல்லது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. உடனே கடைக்கு ஓடி நீலத்திலோ மஞ்சளிலோ ஒரு புட்டி மருந்து வாங்கிவந்து ஊற்றத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். வீட்டு நன்னீர்த் தொட்டிகளில் நோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி தண்ணீர்க் கோளாறுதான். உண்மையிலேயே கிருமி இருந்தாலும், தண்ணீர் கெட்டு மீன் தளர்ந்த பிறகே பெரும்பாலும் அது கைவரிசையைக் காட்டுகிறது. தண்ணீரைக் கவனிக்காமல் ஊற்றும் மருந்து, ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு இன்னொரு சுமை.

முதலில் இரண்டு கேள்விகள்: எத்தனை மீனுக்கு? எவ்வளவு நேரத்தில்?

எல்லா மீன்களும் சில மணி நேரத்தில் ஒருசேரத் தளர்ந்துபோனால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் நாள்கணக்கில் மெல்ல மோசமானால் தொற்று அல்லது ஒட்டுண்ணி. புது மீன் வாங்கிவிட்ட ஓரிரு வாரத்தில் பழைய மீன்களும் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோனால், புதியது கூட்டிவந்த தொற்று என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அடுத்து, சோதனை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நான்கையும் பார்க்கும் சொட்டுச் சோதனைக் கிட் வண்ண மீன் கடைகளில் கிடைக்கிறது. ஒரு மருந்துப் புட்டிக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள் என்பதே என் கருத்து. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. பி.எச். எந்த எண்ணில் இருக்கிறது என்பதைவிட, நிலையாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்பதையும் இப்போதே கணக்கிட்டு எழுதி ஒட்டிவையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 30 அளவுள்ள இரண்டடித் தொட்டி 54 லிட்டர். சரளைக் கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உள்ளே நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர். உப்போ மருந்தோ, அளவு இந்த 45-க்குத்தான். 54-க்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

எல்லா மீன்களும் மேல்மட்டத்தில் நின்று வாய் திறக்கின்றன

நேரத்தை வீணாக்காமல் செயல்பட வேண்டிய அறிகுறி இதுதான். ஆனால் ஃபைட்டர், கௌராமி வகைகள் மேலே வந்து காற்றைக் குடிப்பது அவற்றின் இயல்பு. அவற்றுக்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. அடியில் மேயும் கோரிடோரஸ் சட்டென்று மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கித் திரும்புவதும் இயல்பே. கப்பி, டெட்ரா, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் போன்றவை மேலேயே தங்கி, செவுள் வேகமாக அடித்துக்கொண்டால்தான் கவலை.

அதிகாலையில் மோசமாகவும் வெயில் ஏற ஏறத் தேறியும் இருந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை. பகலில் ஆக்ஸிஜன் தரும் செடிகள், விளக்கை அணைத்த பிறகு மீன்களோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. வெப்பமும் சேர்ந்தால் நிலைமை இறுகும்: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் நம் வீடுகளில் தொட்டி 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஏர் பம்பை இரவு பகல் ஓடவிடுங்கள். ஃபில்டரின் வாயை மேற்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். மூடியைத் திறந்து தண்ணீர் மேல் படும்படி ஒரு சிறிய மின்விசிறியை வைத்தால், ஆவியாதலாலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். திடீர் வெப்ப மாற்றமே மீனை வீழ்த்திவிடும்.

மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் உயிர் காக்கும். இல்லாவிட்டால் குவளையில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒரு முறை. மூடிய பெட்டி வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், அதற்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டே மறுபடி ஓட்ட வேண்டும். உள்ளே பாக்டீரியா செத்து அழுகிய தண்ணீரை மீன் மேல் பாய்ச்சக் கூடாது.

காற்று நன்றாக ஓடியும் மீன் திணறினால் செவுளைப் பாருங்கள். மீன் மூச்சு வாங்கும்போது செவுள் மூடி விரியும். அந்த நொடியில் டார்ச் அடித்தால் உள்ளே தெரியும். செவுள் வீங்கி, எரிந்தாற்போல் கடுஞ்சிவப்பாக இருந்தால் அம்மோனியா. பழுப்பேறிக் கிடந்தால் நைட்ரைட். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும்.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவை தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதனால்தான் புதுத் தொட்டியில் முதல் மாதம் மீன் சாகிறது. பழைய தொட்டியிலும் இதே நிலையைக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது, அது நம் வீடுகளில் மாதந்தோறும் நடக்கிறது: மீனை வாளியில் எடுத்து வைத்து, தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, முழுக்கப் புதுத் தண்ணீர் நிரப்புவது. தொட்டி பளபளக்கும். பாக்டீரியா குடியிருப்பு அழிந்திருக்கும். மூன்று நாள் கழித்து மீன் மேலே வரும். இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டால் கீழே நான் எழுதப்போவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. வாரம் 25 சதவீதத் தண்ணீர் மாற்றம் போதும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், ஒரு வாளியில் பிழிந்தால் போதும்.

அம்மோனியா அல்லது நைட்ரைட் ஏறியிருந்தால்: பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள், அளவு பூஜ்யத்துக்கு வரும்வரை தொடருங்கள். இரண்டு நாள் தீனி போடாதீர்கள்; வளர்ந்த மீன் பட்டினியைத் தாங்கும். நைட்ரைட் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கும். சமையலறைக் கல் உப்பே போதும். அதில் அயோடின் கலந்திருந்தாலும் அந்தச் சிறு அளவு மீனைப் பாதிக்காது.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் இந்த நிலை வந்தால் குளோரின்தான் முதல் சந்தேகம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் அளவு ஒரே சீராக இருப்பதில்லை, மழைக்காலத்தில் கூடுதலாகக் கலப்பதும் உண்டு. கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலை உடனே சேர்த்து, காற்றைக் கூட்டுங்கள். அடுத்த முறை தண்ணீரை ஒரு நாள் முன்பே வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு வையுங்கள். போர்வெல் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் நிலத்தடியிலிருந்து வரும்போது ஆக்ஸிஜன் குறைந்தும் கரியமிலவாயு மிகுந்தும் இருக்கும். அதற்கும் இந்த ஒரு நாள் காத்திருப்பு வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்புவோர் பெருகிவிட்டார்கள். தாதுக்கள் நீங்கிய அந்தத் தண்ணீரில் பி.எச். நிலைத்து நிற்காது. குழாய் அல்லது போர்வெல் தண்ணீரோடு கலந்தே பயன்படுத்த வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டியில் பி.எச். 6-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அந்த அமிலத் தன்மையில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனிய அயனியாக அடங்கிக் கிடக்கும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். அங்கே பி.எச். 8 உள்ள போர்வெல் தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றினால் அன்று மாலையே எல்லாம் முடிந்துவிடும். இத்தகைய தொட்டியில் ஒரு நேரத்தில் பத்து சதவீதம், தினமும் ஒரு முறை என்று மெல்ல மாற்றுங்கள்.

உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்

ரவையைத் தூவினாற்போல் துடுப்பிலும் உடம்பிலும் தனித்தனிப் புள்ளிகள், மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறது. இது வெண்புள்ளி நோய். கடைக்காரர்கள் இக் என்பார்கள். இக்தியோப்திரியஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். நம் ஊரில் இது ஐப்பசி மழை தொடங்கித் தை வரை, இரவில் தண்ணீர் குளிரும் மாதங்களில் தலைதூக்கும்.

சிகிச்சை தோற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: பாதியில் நிறுத்திவிடுவது. கண்ணுக்குத் தெரியும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும் ஒட்டுண்ணி. அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் அது உதிர்ந்து அடிக்கல்லில் ஒட்டி, உறைக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும். அவை வெளியேறி மீனைத் தேடி நீந்தும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்தும் உப்பும் கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. எனவே மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எல்லாம் கீழே விழுந்து பெருகிக்கொண்டிருக்கின்றன.

ஹீட்டர் வைத்து மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் 30 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவாகும், பெருகுவதும் தடைபடும். கூடவே காற்றைக் கூட்டுங்கள். லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பு: 45 லிட்டருக்கு 3 கிராம் வீதம் 135 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, ஒன்றரை நாளில் கரைத்துச் சேருங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை அடிக்கல்லைக் குழாய் வைத்து உறிஞ்சுங்கள், உறைகள் அங்கேதான். எடுத்த தண்ணீருக்கு ஈடான உப்பை மட்டும் திரும்பப் போடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். செடிகள், நத்தைகள், கோரிடோரஸ், லோச் இருந்தால் உப்பை லிட்டருக்கு ஒரு கிராமோடு நிறுத்தி, வெப்பத்தையே நம்புங்கள்.

மருந்து வேண்டுமென்றால் மாலக்கைட் கிரீன் கலந்தவை பலன் தரும். ஆனால் அது மனிதருக்கும் நல்லதில்லை. உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் தடைசெய்த பொருள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். செதில் இல்லாத மீன்களுக்குப் பாதி அளவு.

இதில் குழப்பம் தரும் இரண்டு. ஆண் கோல்டு ஃபிஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி இருந்தால், அது இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம். நோயே இல்லை, எத்தனையோ நல்ல மீன்கள் இதற்காக வீணாக மருந்து குடிக்கின்றன. இன்னொன்று, புள்ளி தூளாகவும் பொன்னிறமாகவும் இருப்பது. இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் உடம்பு துருப்பிடித்த பொன்னாக மின்னும். இது வெல்வெட் நோய், இக்கைவிட வேகமாகக் கொல்லும். இந்த ஒட்டுண்ணிக்கு ஒளிச்சேர்க்கை செய்யும் திறன் உண்டு. எனவே விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி, உப்போடு, தாமிரம் கலந்த மருந்தைப் புட்டி அளவுப்படி கொடுங்கள். இறால், நத்தை இருந்தால் தாமிரம் கூடாது.

பஞ்சு போல ஒட்டியிருக்கிறது

எங்கே, எப்படி என்று பாருங்கள். அடிபட்ட காயத்தின் மேல் இழை இழையாக நீண்டு ஆடும் பஞ்சு என்றால் பூஞ்சை. மீனைத் தனி வாளிக்கு மாற்றி, மெத்திலீன் ப்ளூ என்னும் நீல மருந்தும் உப்பும் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். பொரிக்காத முட்டைகளில் படர்வதும் இதுவே.

வாயைச் சுற்றி வெண்சாம்பல் படலம், முதுகில் சேணம் போட்டாற்போல் வெளிறிய பட்டை என்றால் அது பூஞ்சை இல்லை. காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். சூட்டில் பாய்ந்து பரவும். இக்குக்குச் செய்ததுபோல் இங்கே வெப்பத்தைக் கூட்டினால் இரண்டு நாளில் தொட்டி காலி. முடிந்தவரை 24, 25 டிகிரிக்கு இறக்குங்கள், மீனைத் தனியே பிரித்து வையுங்கள், அன்றே மருத்துவரைக் கேளுங்கள். மனிதருக்கான ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். கால்நடை மருத்துவர்களில் மீன் பார்ப்பவர்கள் குறைவு. பொன்னேரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிகளில் மீன் நோய் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

வால், துடுப்பு கிழிந்து கரைகிறது

சுத்தமாகக் கிழிந்த விளிம்பு என்றால் வேறொரு மீன் கடித்தது. கடிப்பவனைப் பிரித்தால் முடிந்தது. விளிம்பு வெளுத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் உள்நோக்கிக் கரைந்தால் துடுப்பு அழுகல். ஒரு வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை 30 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள். தொடக்க நிலையில் இதுவே மருந்து. கண்ணாடி போல் மெல்லிய புது விளிம்பு தெரிந்தால் குணமாகிறது. ஃபைட்டர் மீனுக்கு, மரத்திலிருந்து தானே உதிர்ந்து காய்ந்த நாட்டுப் பாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். அது விடும் பழுப்புச் சாறு கிருமிகளை ஓரளவு மட்டுப்படுத்தும்.

வயிறு வீங்குகிறது, அல்லது மீன் கவிழ்ந்து மிதக்கிறது

மேலிருந்து பாருங்கள். செதில்கள் உடம்போடு படிந்திருந்தால், பெண் மீனுக்கு முட்டை அல்லது குட்டியாக இருக்கலாம். நன்றாகத் தின்று நீந்தினால் விட்டுவிடுங்கள். செதில்கள் அன்னாசித் தோல் போல் நிமிர்ந்து நின்றால் நீர்க்கோவை: சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் தேங்கிவிட்டது. இந்த நிலைக்கு வந்த மீன்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தனித் தொட்டியில் 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்; சமையல் உப்பு இல்லை) போட்டுப் பார்க்கலாம். வீக்கத்தைச் சற்று வடிக்கும்.

உருண்டை உடம்புள்ள கோல்டு ஃபிஷ் பக்கவாட்டில் சாய்ந்தோ தலைகீழாகவோ மிதந்தால் முதலில் மலச்சிக்கலைச் சந்தேகியுங்கள். மிதக்கும் உலர் தீனியை மேலே வந்து காற்றோடு சேர்த்து விழுங்குவது இதற்கு ஒரு காரணம். இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைச் சிறு துணுக்காக்கிக் கொடுங்கள். அதன் பிறகு மூழ்கும் தீனிக்கு மாறி, அதையும் ஊறவைத்தே போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகள்

கோல்டு ஃபிஷ், கொய் உடம்பில் சிறு நூல் போல் தொங்கி, அடியில் சிவந்த புண் இருந்தால் நங்கூரப் புழு. உண்மையில் இது புழு இல்லை, இறாலுக்கு உறவான ஓட்டுடலி உயிர். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் அடியோடு பிடித்து மெல்ல இழுங்கள். தலை உள்ளே அறுந்து நின்றால் புண் சீழ் பிடிக்கும். குஞ்சுகள் தண்ணீரில் இருக்குமாதலால் ஒரு மாதம் கண்காணியுங்கள்.

கப்பியின் கழிவுத் துளையிலிருந்து சிவப்பு இழைகள் எட்டிப் பார்த்து, மீன் அசையும்போது உள்ளே இழுத்துக்கொண்டால் கமலானஸ் குடற்புழு. உப்பு, வெப்பம் எதற்கும் அசையாது. ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் லெவமிசோல் புழுவை முடக்கும். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். முடங்கி விழும் புழுக்களை மறுநாளே அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டும்.

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், டிஸ்கஸ் வகைகளில் தீனியைத் துப்புவது, வெள்ளைச் சளி இழையாகக் கழிவு, தலையில் குழிகள் ஆகியவை சேர்ந்து வந்தால் குடல் ஒட்டுண்ணி. மெட்ரோனிடசோல் தீனியில் கலந்து கொடுப்பார்கள். தின்பதை முற்றிலும் நிறுத்தும் முன் தொடங்குவது அவசியம்.

மருந்து கொடுக்கும் இடம்

மெத்திலீன் ப்ளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும், ஓரத்து சிலிக்கோன் நிரந்தரமாக நீலமாகும். மருந்துக்கென்று தனியாக வேண்டியவை: 15, 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு சிறிய மண்சட்டி, அடியில் கல் எதுவும் இல்லாமல். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியிலேயே ஓடவிட்டு வைத்திருந்தால் தேவைப்படும் நாளில் பாக்டீரியாவோடு வந்துவிடும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு மருந்துகள் வேண்டாம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையிலிருந்து வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும், புது மீன் மூன்று நான்கு வாரம் இதே தொட்டியில் தனியாக இருக்கட்டும். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வலையால் மீனை மட்டும் எடுங்கள்.

மாதத்துக்கு ஒன்றாக, காரணமே தெரியாமல்

தண்ணீர்ச் சோதனை சரியாக இருந்தும், மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, நிறம் மங்கி, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போனால் மீன் காசநோயாக இருக்கலாம். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை இல்லை. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி கையிலுள்ள காயம் வழியாக மனிதத் தோலிலும் ஆறாத கட்டியை உண்டாக்கும். காயம் இருந்தால் கையுறை அணியுங்கள்; தண்ணீர் உறிஞ்சும் குழாயை வாயால் இழுக்காதீர்கள். கை வைத்த இடத்தில் வாரக்கணக்கில் ஆறாத புண் வந்தால், மீன் தொட்டி வைத்திருப்பதைத் தோல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மீட்க முடியாத மீனை வெளியில் போட்டுத் துடிக்க விடாதீர்கள். பத்துச் சொட்டு கிராம்பு எண்ணெயைச் சிறிது வெந்நீரில் நன்றாகக் குலுக்கி, ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் கலந்து மீனை விடுங்கள், மயங்கி அடங்கும். செவுள் நின்ற பிறகும் அரை மணி அதிலேயே இருக்கட்டும். பிறகு மண்ணில் புதையுங்கள். உயிருள்ள மீனை ஏரி, குளத்தில் விட வேண்டாம். தொட்டியிலிருந்து போன சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகியிருக்கின்றன. வலை, வாளி, குழாய் மூன்றையும் கழுவி வெயிலில் நன்கு காயவைத்த பிறகே அடுத்த தொட்டிக்கு எடுங்கள்.